காற்சட்டையில் ஒரு பை

என் அண்ணனுக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. பத்தாயிரம் மீட்டரில் மூன்று வருடம் தொடர்ந்து மாகாணத்தில் அவர்தான் முதல். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் வேலையையும் ஒரு பெண்டாட்டியையும் அந்தக் கால்கள்தான் தேடிக் கொடுத்தன. தலைக்கனமும் கொடுத்தன; அதை ஏன் மறைப்பது?

ஒரு விடியற்காலை பல்லேகல வீதியில் பயிற்சிக்குப் போனவர், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் "நவத்தன்ன!" என்று கத்தியும் நிற்கவில்லை. நில் என்றது காதில் விழுந்ததாம். கடிகாரத்தில் ஓட்டத்துக்கு நல்ல நேரம் வந்துகொண்டிருந்ததால், திரும்பி வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். யுத்த காலத்தில், இருட்டில் ஓடுகிற தமிழனுக்கு வந்த நினைப்பைப் பாருங்கள்! ஐசி என்கிற அடையாள அட்டை வீட்டில், ஆணியில் தொங்கிய நீளக் காற்சட்டைக்குள் இருந்தது. ஓடுகிற காற்சட்டைக்கு ஏது பை?

பிடித்துப் பதினொரு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். கப்போடு சிரிக்கும் அவருடைய பழைய படத்தையே பத்திரிகை மறுபடி போட்டது, கீழே 'சந்தேகநபர்' என்று. பள்ளிக்கூடத்தில் பெயரை வெட்டினார்கள். அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹுன்னஸ்கிரியவிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். குற்றமில்லை என்று விட்டபோது அண்ணனின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. வீட்டில் யாராவது கதிரையை இழுத்தாலும் எழுந்து நின்றார்.

ஒரு வருடம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கினார். நகரிலிருந்து பல்லேகல வரை போய்த் திரும்பும் வீதியோட்டம் வந்தது. "முதலாவதா வரட்டும், அப்ப நான் மேலிடத்துல வாய் திறக்கலாம்" என்றார் பள்ளிக்கூட அதிபர். வேலை கிடைத்தால் வருகிறேன் என்று அண்ணியும் சொல்லி அனுப்பினார். இரண்டாவதாக வந்து பிரயோசனமில்லை.

நான் கார்மென்ட்டில் வெளிநாட்டுக்காரருக்கு விளையாட்டு உடுப்புத் தைப்பவள். அண்ணனின் காற்சட்டையில் ஐசி அளவுக்கு ஒரு பை தைத்துப் பொத்தான் வைத்தேன். தைத்ததோடு விட்டேனா? அவர் பயிற்சி செய்யும்போது எங்கள் லயத்து வீட்டு மூலையில் ஒளிந்து நின்று "நவத்தன்ன!" என்று கத்துவேன். முதல் நாள் அவருக்குக் கை நடுங்கி ஐசி மண்ணில் விழுந்தது.

"இப்பிடி நடுங்கினா சுட்டுருவான். கையத் தூக்குங்க. அவன் பாத்துக் குடுக்கிற வரைக்கும் அசையாதீங்க" என்று ஏசினேன். மறுநாளும் கத்தினேன். இரண்டு மாதத்தில், சாவடியைக் கண்டாலே கால் தானாக நிற்கும் அளவுக்குப் பழக்கிவிட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஓட்டத்தன்று பாலத்தடியில் தடையை எடுத்திருந்தார்கள். ஓடுகிறவர்களை நிறுத்தமாட்டார்கள் என்று அண்ணனிடமும் சொல்லியிருந்தேன். நான் பாலத்தடியில் நின்று பார்த்தேன்; போகும்போது கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துவிட்டார். திரும்பி வரும்போது அவர் தனியாக, எல்லாருக்கும் முன்னால் வந்தார். பழைய ஓட்டம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாவடிக்கு நேரே வந்ததும் அவர் நின்றார். ஒரு கையைத் தூக்கி, மறு கையால் பொத்தானைக் கழற்றி ஐசியை நீட்டினார்.

கைதட்டிக்கொண்டிருந்த சின்ன வயது ஆமிக்காரன் பதறிப்போனான். "துவன்ன ஐயே, துவன்ன!" என்று கத்தினான். ஆமிக்காரனே அண்ணே என்று கூப்பிட்டு ஓடச் சொல்கிறான், என் அண்ணன் அசையவில்லை.

"அண்ணே, ஓடுங்க! இன்னைக்கு வேணாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரலைக் கேட்டதும் மற்றக் கையும் மேலே போனது.

ஒருவன் கடந்தான். இன்னும் இரண்டு பேர் கடந்தார்கள். ஆமிக்காரன் ஓடிவந்து ஐசியை வாங்கி, பார்க்காமலே திருப்பிக் கொடுத்தான். அண்ணன் அதைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டுவிட்டுத்தான் ஓடினார். நாலாவது.

அதிபர் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மறுபக்கம் போனார். அண்ணியிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னிடம் கேட்டார்: "சரியாத்தானே நின்னேன், தங்கச்சி? கை நடுங்கலயே?"

"ரொம்ப நல்லா நின்னீங்க. அதுக்கு ஒரு கப் குடுக்கலாம்" என்றேன்.

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.