தில்லையம்மாள் கெட்டிக்கும் மருந்து

இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் வெடிமருந்தை நிரப்பி, மேலே கூம்பி நிற்பதை முந்திரி இலையின் விளிம்பால் வழித்துவிடுகிறாள் தில்லையம்மாள். கிழக்கு வேலியோரம் பன்றிகள் உறுமுகின்றன. அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மூடியைத் துப்பாக்கிக் குழலின் வாயில் கவிழ்த்து, குழலைப் பக்கவாட்டில் தட்டி, தேங்காய் நாரை உருட்டித் திணித்து, கம்பியால் குத்திக் கெட்டிக்கிறாள். பிறகு கம்பியைக் குழலுக்குள்ளேயே விட்டு, வெளியே நிற்கும் நீளத்தை விரலால் அளக்கிறாள். நாலு விரற்கடை நின்றால் அளவு சரி. ரவைக் குண்டு போடுவதில்லை, வெறும் சத்தத்துக்குத்தான். எல்லாம் முடிந்து அவள் எழுவதற்குள் பன்றிகளும் வயிறு நிறைந்து கிளம்பியிருக்கும்.

"பன்னிக்கு அவசரம்னா வேற கொல்லைக்குப் போவட்டும். மருந்துல எனக்கு அவசரம் கெடையாது" என்பாள்.

அளக்கும்போது யாரும் பேசக்கூடாது. பக்கத்துக் கொல்லை வெண்மதி ஒருநாள், "இன்னா அத்தை, கெட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டாள். தில்லையம்மாள் மூடியிலிருந்ததைத் திரும்ப டப்பாவில் கொட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெண்மதி, "கோவமா அத்தை?" என்றாள். மறுபடியும் கொட்டினாள்.

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரியும், நடுநடுவே மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் அவள் பயிர். அதைக் காக்க அவள் புருஷன் ராஜமாணிக்கம் லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி அது. அவர் நெஞ்சுவலியில் போனபின் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டாள். விசாரணைக்கு வந்த அதிகாரி, "உங்களுக்குச் சுடத் தெரியுமாம்மா?" என்றார். "சுடறது யாரு வேணா சுடலாங்க. நான் கெட்டிப்பேன்" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். துப்பாக்கியைச் சோதனைக்குக் காட்டப் பழைய புடவையில் சுற்றிப் பஸ்ஸில் கடலூருக்குக் கொண்டுபோவாள். என்னம்மா அது என்று ஒரு தடவை கண்டக்டர் கேட்டதற்கு, "துப்பாக்கி" என்று உள்ளதைச் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். அந்த ஒரு மாதம் பன்றிகள்தான் ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்யும்.

சர்க்கார் நம்பிய அளவுக்கு ஊர் அவளை நம்பவில்லை. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அம்மன் பெண்ணையாற்றுக்குப் புறப்படும்போது, அந்தத் துப்பாக்கியால் ஒரு வேட்டுப் போடுவது மாமூல். ராஜமாணிக்கத்துக்குப் பிறகு அந்த வேலை அவர் தம்பி சுப்புராயனுக்கு வந்தது. "அம்மன் பொறப்படறப்ப தாலியறுத்தவ கையாலயா வேட்டுப் போடுவாங்க?" என்று சுப்புராயன் மனைவி பட்டம்மாள் கேட்டாள், தில்லையம்மாளின் காதில் விழும்படியாகவே. ஆகவே லைசென்ஸ் அவளுடையது, மருந்து அவளுடையது, வீட்டிலேயே அளந்து கெட்டித்துக் கொடுப்பதும் அவள்தான். விரல் மட்டும் கொழுந்தனுடையது.

இந்த வருஷம் அவன் வேறு பேச்சுப் பேசினான். "நீ கெட்டிச்சிக் குடுத்து நான் சுட்டா ஊர்ல என்னைய பொம்மைங்கறானுவோ அண்ணி. நானே கெட்டிச்சிக்கறேன்." அவள் அளவையும் கம்பிக் கணக்கையும் சொல்லி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கோயில் வாசலில் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றாள்.

சுப்புராயன் சரியாகத்தான் அளந்தான். சரியாகத்தான் கெட்டித்தான். கடலூரிலிருந்து வந்திருந்த அவன் அக்காள் மகன் செம்பியன் செல்போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "மாமா, ரெக்கார்டு ஆவல. இன்னொரு தபா போடு. கொஞ்சம் ஸ்லோவா."

சுப்புராயன் மீசையைத் தடவிக்கொண்டான். அழகாக, மெதுவாக, இன்னொரு மூடி கவிழ்த்தான். நாரைத் திணித்துக் கெட்டித்தான். கம்பி குழலுக்கு மேல் எட்டு விரற்கடை நின்றது. அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே கம்பியை உருவினான்.

"தம்பி, சுட்டுறாத. ரெண்டு தபா போட்டுட்ட."

மேளத்தில் அது யார் காதிலும் விழவில்லை. தில்லையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டு மருந்துடா உள்ள. கொழா வெடிச்சா மூஞ்சி இருக்காது."

"மொதல்ல போட்டது சும்மா, வீடியோவுக்கு" என்றான் சுப்புராயன்.

"வீடியோவுக்குப் போட்டாலும் உள்ளதான கெடக்குது?"

"அண்ணி, இன்னைக்கி ஒரு நாளாவது தள்ளி நில்லு. ஊரே பாக்குது."

"அவுங்களுக்குப் பொறுக்கல" என்றாள் பட்டம்மாள். சாமி தூக்குகிறவர்களின் காலில் ஊற்ற, இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள் அவள். சுமங்கலிகள் மட்டும் தொடுகிற குடம் அது.

சுப்புராயன் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஒன்றை எடுக்க டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவினான். குழல் வாய் அவன் தாடைக்கு நேராக இருந்தது.

தில்லையம்மாள் பட்டம்மாளின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கினாள். பிடுங்கவில்லை; குடிக்கக் கேட்டு வாங்குவதுபோல வாங்கினாள். குழல் வாயில் நிதானமாகச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் குழல் நிரம்பி, சுப்புராயனின் பட்டு வேட்டியில் வழிந்தது. மேளம் நின்றது. செம்பியன் செல்போனைத் தாழ்த்தினான்.

குடத்தில் பாதி மிச்சமிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மனின் பல்லக்குத் தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நால்வர் வேட்டுக்காகக் காத்து நின்றார்கள். ஒவ்வொருவராகப் போய், குனிந்து, அவர்கள் காலில் ஊற்றினாள்.