அத்தையின் கல்லும் அம்மாவின் காலடியும்

தெற்குக் கேரளத்துப் பூவாருக்குப் படகுச் சவாரிக்கு வருகிறவர்களுக்கு இரண்டாம் நாள் செய்ய ஒன்றும் இருக்காது. முகத்துவாரத்தைப் பார்த்தாயிற்று, மணலில் நின்று படம் எடுத்தாயிற்று, மேலே மழை வேறு. அதனால் அங்கே உள்ள ஒரு விடுதியைச் சேர்ந்தவர்கள் பழைய சினிமா நட்சத்திரங்களின் கல்லறைகளைக் காட்ட வேன் விட ஆரம்பித்தார்கள். கேட்டபோது சிரித்தேன். பிறகு அந்த வேலைக்கு நானே போனேன். எனக்குத் தமிழும் மலையாளமும் நன்றாக வரும், இங்கிலீஷ் ஒப்பேற்றுவேன். அதைவிட முக்கியம், மூன்றாவது கல்லறை எங்கள் குடும்பக் கல்லறை.

முதல் நிறுத்தம் ஒற்றசேகரமங்கலம். அங்கே ஒரு வில்லன் நடிகர். அவரை வீட்டைச் சுற்றியிருக்கும் புரையிடத்தின் தெற்கு மூலையில் எரித்து, எரித்த இடத்தில் தென்னை நட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் கல்லறை எங்கே என்று தேடுவார்கள். அந்தத் தென்னைதான் என்பேன். முகம் விழுந்துவிடும். சிலர் தென்னையைத் தொட்டுக் கும்பிடுவார்கள். இரண்டாவது வெள்ளறடை. ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு சிரிப்பு நடிகர். அவர் சமாதி வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது, வீட்டுக்காரர்கள் அதன் மேல் துணி காயப்போடுவார்கள். நாங்கள் வருகிறோம் என்று போன் செய்தால் துணியை எடுத்துவிடுவார்கள். மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். கடைசியாக பாறசாலைப் பக்கம் எங்கள் சர்ச் சபையின் கல்லறைத் தோட்டம். அங்கேதான் அத்தை.

அத்தை என் அப்பாவின் அக்கா. கறுப்பு வெள்ளைக் காலத்தில் இரண்டு மொழியிலும் நடித்தவர். சில படங்களில் கதாநாயகி, நிறையப் படங்களில் கதாநாயகியின் தோழி. அவருடைய கல்லறை மேல் இப்போது கறுப்பு கிரானைட் போட்டு, முக்காடு போட்டுச் சிரிக்கிற இருபது வயதுப் பெண்ணின் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, முன்னறையைப் பிடித்துக்கொண்டு, கால் வீங்கி, சாகிற வரைக்கும் அங்கேயே கிடந்தவர்.

என்ன பேச வேண்டும் என்று விடுதி மேனேஜர் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் கல்லறைக்கு வந்ததும் "இங்கே ஒரு நட்சத்திரம் உறங்குகிறது" என்று மெதுவான குரலில் சொல்ல வேண்டும். எனக்கு மெதுவான குரல் கிடையாது. ஒருமுறை சென்னைக்காரர் ஒருவர், அத்தை கூட நடித்த ஒரு கதாநாயகனைக் காதலித்தது உண்மையா என்று கேட்டார். "தெரியாது சார். எங்க வீட்டுல இருந்தப்ப மூலத்துக்கு மருந்து வாங்கிக் குடுத்தோம், அதுதான் தெரியும்" என்றேன். மேனேஜருக்குப் புகார் போயிற்று. "சேச்சி, குறச்சு சங்கடத்தோட பறயணும்" என்றார். கொஞ்சம் துக்கத்தோடு சொல்ல வேண்டுமாம். துக்கத்தோடு பேசிப் பார்த்தேன். பசியில் பேசுகிற மாதிரி இருந்தது.

அந்த வசனத்தை வீட்டில் சொல்லிப் பழகியபோது அம்மா கட்டிலில் கிடந்தபடி கேட்டார். அப்போதே அவருக்கு சிறுநீரகம் போய்விட்டது.

"ஒறங்கட்டு, ஒறங்கட்டு. எனக்க ஒறக்கத்தக் கெடுத்தவ ஆக்கும்" என்றார்.

கெடுத்தவர்தான். அத்தை அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கையைத் தட்டுவார். இரண்டு தட்டு தட்டினால் காப்பி, விடாமல் தட்டினால் கால். அம்மா சாயங்காலம் வேலையெல்லாம் முடித்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தடவி விடுவார். அத்தை ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா பார்த்துக்கொண்டு பேசாமல் போவார். அம்மா ஏதாவது சொன்னால், "அக்கா நம்ம குடும்பத்துக்கு வெளிச்சம் கொண்டு வந்தவ" என்பார். அந்த வெளிச்சத்தில் அம்மா சட்டி கழுவினார்.

அதனால் அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அது புரிய வேண்டுமென்றால் எங்கள் சபையின் வழக்கம் தெரிய வேண்டும். இங்கே நிலம் குறைவு. குடும்பத்துக்கு ஒரு கல்லறைதான். தரைக்கு மேலே சிமெண்டுத் தொட்டி மாதிரி கட்டி, அதன் மேல் பலகைக்கல் போட்டிருக்கும். குடும்பத்தில் அடுத்து ஒருவர் செத்தால் அதைத் திறந்து, முன்னால் கிடந்தவரின் எலும்புகளை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, புதுப் பெட்டியின் காலடியில் வைப்பார்கள். எங்கள் தொட்டியில் முதலில் அத்தை போனார். பிறகு அப்பா. அப்பாவைப் புதைத்த அன்று அத்தை மூட்டையாகி அப்பாவின் காலடிக்குப் போனார். அதற்குப் பிறகு மேலே போட்ட கல்லில் அத்தை சிரிக்கிறார். உள்ளே நீட்டிப் படுத்திருப்பது பஸ் கண்டக்டராக இருந்த என் அப்பா. வேனில் வருகிறவர்களிடம் இதை நான் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

அடுத்த முறை அம்மா.

"அப்பனுக்க எலும்ப எனக்க கைப்பக்கம் வை" என்றார் அம்மா. "அவளுக்கத காலடியில வை. கேட்டியா மக்கா? நான் எத்தன வருசம் அவளுக்க காலடியில இருந்தேன். இனி அவ எனக்க காலடியில கிடக்கட்டும்."

"செரி அம்மா."

"செரின்னு சொன்னா போராது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் தென்னை மரத்தடியில் நின்று வில்லனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா போய்விட்டார். கூட இருந்த சித்தி சொன்னார். தம்பி வளைகுடாவிலிருந்து வந்த பிறகுதான் எடுக்க முடியும், அதுவரை உடல் சவக்கிடங்கில் இருக்கும். நான் போனை வைத்துவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். அழுகை வரவில்லை. வேன் வெள்ளறடைக்குப் போயிற்று, நானும் போனேன். எப்படியும் அந்த வேன் எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் போய் நிற்கும். எனக்கும் அங்கேதான் வேலை இருந்தது.

சபை செக்ரட்டரி கல்லறைப் பக்கத்திலேயே குடை பிடித்து நின்றார். அவர் எங்களுக்குத் தூரத்து உறவு, மாமா முறை. கிரானைட் போட்டது, சுற்றிலும் டைல் ஒட்டியது, வாசலில் அம்புக்குறி வைத்தது எல்லாம் அவர் ஏற்பாடு. வேன் வர ஆரம்பித்த பிறகு அவர் வேட்டிக்குக் கஞ்சி போட்டு உடுத்துகிறார்.

"அறிஞ்சேன் மக்கா. போதகர் விளிச்சு சொன்னாரு. எடம் பாத்தாச்சு, வெசனப்படாத. வடக்க மதிலோரம். நல்ல எடமாக்கும்."

"அம்மைக்கு இதுலதான் எடம் மாமா."

"இதிலயா?" அவர் கல்லைப் பார்த்தார். "இத எப்பிடி பொட்டிக்கது? கல்லு பழைய பலகையோட சேத்து ஒட்டியாச்சு. பொட்டிச்சா மூஞ்சி ரெண்டாப் போவும்."

"போவட்டும்."

"ஏட்டி, பைத்தியக்காரி மாதிரி பேசாத. இந்தக் கல்லாலயாக்கும் ஊருக்கு ஒரு பேரு வந்தது. உனக்க ஜோலியே இதாலதானே?"

பின்னால் வேன்காரர்கள் வந்துவிட்டார்கள். பூ வைத்தார்கள். மதுரையிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் கல்லோடு சேர்ந்து நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர், எங்கள் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார். "என்னம்மா, எதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லம்மா. எங்கம்மா செத்துட்டாங்க. நீங்க படம் எடுங்க."

அந்த அம்மாள் போனைக் கீழே இறக்கினார். யாரும் அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. எடுத்தால் எடுக்க வேண்டியதுதானே. வந்ததே அதற்குத்தானே.

"மாமா" என்றேன். "மூஞ்சிய ஒடைக்க வேண்டாம். பக்கச் சுவர ஒடைப்போம். பெட்டிய அப்பிடியே உள்ள தள்ளலாம். அவிய மேல சிரிச்சிட்டு இருக்கட்டும்."

"கமிட்டி கூடணும்."

"கூட்டுங்க. கூட்டி முடியாதுன்னு சொன்னா, அடுத்த வேன்ல வாற ஆளுககிட்ட உள்ள கெடக்கது ஒரு பஸ் கண்டக்டராக்கும்னு சொல்லுவேன்."

அவர் என்னை முறைத்தார். "உனக்க அப்பனுக்க வாயி இல்ல உனக்கு. அத்தைக்க வாயி" என்றார். அன்று சாயங்காலமே கமிட்டி கூடி, கல்லில் ஒரு கீறல் விழக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தது.

தம்பி வந்த மறுநாள் காலையில் திறந்தோம். கீறல் விழாமலிருக்க அத்தையின் முகத்தின் மேல் சாக்கையும் ஒரு பழைய மெத்தையையும் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார் செக்ரட்டரி. உயிரோடு இருந்தபோது அந்த மாதிரி மெத்தைதான் வேண்டுமென்று அத்தை அடம் பிடித்தது ஞாபகம் வந்தது. குழி வெட்டுகிறவர் பக்கச் சுவரில் கடப்பாரையைப் போட்டார். இரண்டு கல் பெயர்ந்ததும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கறுத்த தண்ணீர். வந்துகொண்டே இருந்தது. தம்பியின் செருப்பு அதில் மிதந்து போயிற்று.

குழி வெட்டுகிறவர் குனிந்து பார்த்தார். "ஓவ அடச்சாக்கும் டைல் ஒட்டியிருக்கு" என்றார். தொட்டிக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியே போக அடியில் வைத்திருந்த ஓட்டைதான் ஓவு. அலங்காரம் செய்தவர்கள் அதன் மேலேயே டைலை ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது. அப்பாவின் பெட்டி ஊறிப் பிரிந்து, பலகை மிதந்து, அத்தையைக் கட்டிய துணி நைந்து, இரண்டு பேரின் எலும்பும் உள்ளே சுற்றிச் சுற்றி அடியில் ஒன்றாகக் கிடந்தது.

செக்ரட்டரி ஓட்டையைப் பார்த்தார், டைலைப் பார்த்தார். "நல்ல கம்பெனி டைலாக்கும்" என்றார். நான் வாயைத் திறந்திருந்தால் கடப்பாரையை எடுத்திருப்பேன்.

நான் இரண்டு வெள்ளைத் துணி கிழித்துக் கொண்டுவந்திருந்தேன். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அத்தைக்கு. குழி வெட்டுகிறவர் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே சாக்கில் வைத்தார். எல்லாம் ஒரே நிறம், தேயிலைத் தண்ணீர் நிறம். மண்டையோடு இரண்டு இருந்தது. தம்பி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, எது யாருக்கதுன்னு ஒண்ணும் தெரியல்ல."

"எனக்கும் தெரியல்ல."

"பின்ன எப்பிடிப் பிரிக்க?"

"பிரிக்காண்டாம்."

ஒரே துணியில் கட்டினோம். மூட்டை நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. இன்னொரு துணியில் கையைத் துடைத்தேன்.

மணி அடித்தார்கள். போதகர் ஜெபம் செய்தார். அம்மாவின் பெட்டியைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளினார்கள். பிறகு குழி வெட்டுகிறவர் மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்க வைக்க?"

தம்பிக்கு அம்மா சொன்னது தெரியும். கைப்பக்கம் வைத்தால் அப்பாவோடு அத்தையும் அம்மாவின் பக்கத்தில் படுப்பார், வீட்டில் முன்னறையைப் பிடித்த மாதிரி. காலடியில் வைத்தால் அத்தையோடு அப்பாவும் போவார்.

"அப்பா பாவம் இல்லியா?" என்றான் தம்பி.

கட்டிலின் காலடியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அம்மா உட்கார்ந்திருந்ததும், வாசல்படியில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போன அப்பாவும்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் அன்றைக்கும் அக்கா பக்கம்தான் இருந்தார்.

"காலடியில வை" என்றேன்.

வைத்தார். கல்லை அடுக்கிப் பூசினார்கள். ஓவை மறக்காமல் திறந்துவிடச் சொன்னேன், திறந்தார்கள். செக்ரட்டரி மெத்தையை அவிழ்த்துக் கல்லைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று சாய்ந்து சாய்ந்து பார்த்தார். இல்லை. தம்பி அழுதான். எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்றேன், தூங்கினேன்.

தம்பி திரும்பிப் போன பிறகு நான் மறுபடி வேனில் ஏறினேன். தென்னை, முற்றம், மரச்சீனி, எங்கள் தோட்டம். பூசிய இடம் இன்னும் ஈரநிறம் மாறவில்லை, யாரும் கவனிக்கவில்லை. கல்லின் முன்னால் நின்று, "இங்கே ஒரு நட்சத்திரம் உறங்குகிறது" என்றேன். குரல் மெதுவாகத்தான் வந்தது. மேனேஜர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

திருநெல்வேலிக்காரர் ஒருவர், வயதானவர், ரோஜா மாலை கொண்டுவந்திருந்தார். தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். அவர் முட்டிபோட்டு, மாலையைச் சரியாக அம்மாவின் தலைக்கு மேலே வைத்து, அத்தையின் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடினார். அம்மாவுக்கு யாரும் மாலை போட்டு நான் பார்த்ததில்லை, பெட்டிக்குள் வைத்தபோதைத் தவிர. காலடிப் பக்கம் தள்ளி வையுங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன்.

சொல்லவில்லை. அவர் எழுந்திருக்கக் கஷ்டப்பட்டார், கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.