பாரிஸ் பாதியில் நின்றபோது

லூர்து அண்ணன் சல்யூட் அடித்தார். அடித்த கையை இறக்கவில்லை.

எப்படி இறக்குவார்? டிவியில் பிரான்ஸின் தேசிய கீதம் பாதியில் நிற்கிறதே! ஒரு குதிரை முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது. ட்ரம்பெட் ஊதுகிறவர் கன்னத்தை உப்பவைத்தபடி நிற்கிறார். ஒரு ஜெனரல் கண்ணை மூடியபடி நிற்கிறார் — இமைக்கிற நேரம் பார்த்து மாட்டிக்கொண்டார், பாவம். இவர்களோடு சேர்ந்து, கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு, புதுச்சேரியில் தன் வீட்டு ஹாலில் லூர்து அண்ணனும் நிற்கிறார்.

"கைய எறக்குங்க. கையத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு இல்ல?" இது அவர் மனைவி ஜெசிந்தா அக்கா.

"கீதம் முடியலடி."

"அது எங்க முடியப் போவுது? மிஷினே செத்துப் போச்சு!"

"முடியாம எறக்கறது எங்க ரெஜிமென்ட்லயே கெடையாது."

சொல்லிவிட்டு இருவரும் திரும்பி ஒரே ஆளைப் பார்த்தார்கள். அந்த ஆள் இடது கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது.

வேறு யார்... நான்தான்.

உள்ளூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே 'சொல்தா' என்போம். எங்கள் தெருக்கோடி வீட்டு லூர்து அண்ணன் ஒரு சொல்தா. போன வாரம் ஜூலை பதினாலு, பிரான்ஸின் தேசிய நாள். காலையில் கடற்கரை நினைவுச் சின்னத்தில் மரியாதை செலுத்திவிட்டு வந்தவர், கோட்டைக் கழற்றாமலே டிவி முன்னால் நின்றுவிட்டார். பாரிஸில் ராணுவ அணிவகுப்பு. அங்கே காலை, இங்கே சாப்பாட்டு வேளை.

வருடா வருடம் பார்க்கிறதுதான். ஆனால் இந்த வருடம் அந்த அணிவகுப்பில் அவர்கள் மகள் மோனிக் நடக்கிறாள்!

மோனிக் அங்கே ராணுவ நர்ஸ். பெயர் தேர்வான செய்தி வந்த அன்றே ஜெசிந்தா அக்கா பாரிஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். போன மாதம் அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அக்காவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"அவ நடக்கற நேரத்துல நான் பாக்கணும், தம்பி. அவ்ளோதான்" என்றார் என்னிடம்.

"லைவ்ல முடியலேன்னா சாயங்காலம் யூடியூப்ல வந்துடும்க்கா."

"தாலி கட்டறப்ப வராம, வீடியோல பாத்துக்கறேன்னு சொல்லுவியா நீ?"

"ஃபோன்ல பாக்கலாமே?"

"கட்டவிரல் சைசுக்கா எம் பொண்ணு?"

சரிதான். கேபிளில் அந்தச் சேனல் வருவதில்லை. கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வழியாகப் பிடித்து, ஒரு வயரைச் சொருகி, பெரிய டிவியில் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது — பதிமூன்றாம் தேதி காலை வரை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு அப்டேட் போட்டுக்கொண்டது. யாரும் கேட்கவில்லை. யாரும் அழவில்லை. நேற்று வரை நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஆளைப் பிடித்துப் படுக்கவைத்து ஆபரேஷன் செய்கிற தைரியம் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு மட்டும்தான் உண்டு.

அன்று மாலையிலிருந்து ஆரம்பித்தது. டிவி பார்க்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் ஓடும். திடீரென்று நிற்கும். படம், சத்தம், மவுஸ் எல்லாம் நிற்கும்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள்? ஒருமுறை அவர்கள் வீட்டு பிரின்டர் வேலை செய்யவில்லை என்று போனேன். ஸ்விட்ச் போடவில்லை. போட்டேன். அன்றிலிருந்து தெருவுக்கே நான் இன்ஜினியர். நானும் மறுக்கவில்லை. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இந்த மரியாதை வேறு எங்கே கிடைக்கும்?

அணிவகுப்பு அன்று காலையிலேயே போய் உட்கார்ந்தேன். முதல் அதிர்ச்சி: அது மோனிக் பிரான்ஸிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர். பேசுவது பிரெஞ்சு. கீபோர்டும் பிரெஞ்சு. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ' உட்கார்ந்திருக்கிறது. என் விரல்களுக்கு முப்பது வருடப் பழக்கம். நான் ஒன்று அடித்தால் திரையில் வேறொன்று வந்தது.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, பேக்கரியில் பன் வாங்கப் போதும். அதனால் மொழிபெயர்ப்புக்கு லூர்து அண்ணன். திரையில் ஏதோ பெட்டி வந்தது.

"என்னண்ணே எழுதியிருக்கு?"

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பதில் சொல்லலைன்னு சொல்லுது."

"யாரு பதில் சொல்லல?"

"அதான். தான் பதில் சொல்லலைன்னு அதுவே பதில் சொல்லுது."

ராணுவத்தில் இருந்தவர். இதைவிட விசித்திரமான உத்தரவுகளை எல்லாம் கேட்டிருப்பார் போல, அமைதியாகச் சொன்னார்.

ரீஸ்டார்ட் செய்தேன். நின்றது. வேறு பிரௌசரில் போட்டேன். நின்றது. சேர்ந்து கிடந்த குப்பையை எல்லாம் அழித்தேன். சுத்தமாக நின்றது. வீடியோவுக்காகக் கூடுதல் சக்தி எடுக்கிற ஒரு வசதி உண்டு. அதை அணைத்தால் சரியாகும் என்று இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அணைத்தேன். அன்றைக்குச் செய்ததிலேயே இதுதான் உருப்படி போலிருந்தது. முன்பைவிட நிறைய நேரம் ஓடியது!

"சரியாயிடுச்சுக்கா" என்றேன் — ஸ்விட்ச் போட்ட அதே கம்பீரத்துடன்.

அக்கா எனக்குச் சோறு போட்டார். மீன் குழம்பு. நான் முதல் கவளத்தை எடுக்கும்போது கீதம் ஆரம்பித்தது. அண்ணன் சல்யூட் அடித்தார். இரண்டாவது கவளத்தில் பாரிஸ் நின்றது.

அந்த நேரத்தில்தான் அதைப் பார்த்தேன். லூர்து அண்ணன் நின்றுபோன திரையை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கீதம் எந்த வரியில் நின்றதோ, அந்த வரியிலிருந்து... தானே பாட ஆரம்பித்தார்.

நல்ல குரல் என்று சொல்ல முடியாது. கரகரவென்று, மூச்சு வாங்க, சுருதியை அங்கங்கே தவறவிட்டு. ஆனால் நடுவில் நிறுத்தவில்லை. ஸ்டென்ட் வைத்த நெஞ்சு ஏறி இறங்கியது. கை அசையவில்லை. ஜெசிந்தா அக்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். சோற்றுக் கையோடு நானும் எழுந்து நின்றேன். எந்த நாட்டுக்காக நிற்கிறேன் என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு தேசத்தின் வாத்தியக் கோஷ்டி முழுவதும் வாயடைத்து நிற்க, மிச்சப் பாட்டை எங்கள் தெருவில் ஒருவர் பாடி முடிக்கிறார் — உட்கார்ந்தா கேட்பது?

கடைசி வரி முடிந்தது. கையை இறக்கினார்.

"இப்ப ரீஸ்டார்ட் பண்ணு" என்றார்.

பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் அணையவில்லை. பின்னால் இருக்கும் வயரையே பிடுங்கிவிடலாம் என்று மேஜைக்கு அடியில் ஊர்ந்து போனேன். சிபியு பெட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"இரு தம்பி, இரு! கையெல்லாம் கொழம்பு! லேஸு பாழாயிடும்!"

அக்கா ஓடி வந்து, பெட்டியின் மேல் இருந்த லேஸ் துணியை உருவினார். குப்பென்று ஒரு சூடு முகத்தில் அடித்தது. தோசைக்கல்லின் மூடியைத் திறந்த மாதிரி.

வெள்ளை நூலில் பூப்பூவாகப் பின்னிய துணி. மேலே ஒன்று. பக்கவாட்டில், முதுகுப் பக்கம் எல்லாம் சுற்றி வளைத்து இன்னொன்று, ரிப்பன் கட்டி. கம்ப்யூட்டர் மூச்சு விடுகிற துவாரம் ஒன்று பாக்கியில்லை.

"இது எப்பலேருந்துக்கா?"

"நேத்து சாயங்காலம்தான் போட்டேன். அப்டேட் முடிஞ்சி கம்ப்யூட்டர் புதுசாயிடுச்சுன்னு இவருதான் சொன்னாரு. புதுசு வந்தா துணி போட மாட்டோமா? பண்டிகை வேற."

அப்போதுதான் நிமிர்ந்து ஹாலைப் பார்த்தேன். சோஃபாவுக்கு லேஸ். ஃப்ரிட்ஜுக்கு லேஸ். டெலிபோனுக்கு லேஸ். மாதா படத்துக்கு லேஸ். ஜூலை பதினாலுக்காக வீடே உடுத்திக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

காலையிலிருந்து நான் அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். புது மருமகள் வந்த அன்று பால் பொங்கி வழிந்தால் மருமகள்தான் காரணம் என்போமே, அந்தக் கணக்கு. அவள் அடுப்பங்கரைப் பக்கமே போயிருக்க மாட்டாள்.

டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் முகத்துக்கு நேரே வைத்தோம். அண்ணனுக்கு ஃபேன் இல்லை. கோட்டோடு வேர்த்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டர் குளிர்ந்து, கண் விழித்து, பாரிஸைக் காட்டியபோது பாதி அணிவகுப்பு போய்விட்டிருந்தது.

"அவ போயிட்டாளா?" அக்கா அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் காதைக் கூராக்கி வர்ணனையைக் கேட்டார். "இல்லடி. இனிமேதான். அடுத்தது அவ யூனிட்."

மோனிக் முன்பே சொல்லியிருந்தாள்: முதல் வரிசை, இடது ஓரம். கண்ணை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று. மூன்று பேரும் வைத்துக்கொண்டோம்.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. ஒரு துளி தடுமாறவில்லை. ஆனால் பாரிஸில் கேமராவைத் திருப்புகிறவர் ஒருவர் இருக்கிறாரே... மோனிக்கின் யூனிட் வருகிற நேரத்தில் அவர் மேடையில் கொட்டாவி விடுகிற ஒரு குழந்தையைக் காட்டினார். பிறகு ஒரு கொடியைக் காட்டினார். பிறகு, வானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ஒரு காட்சி. அகலமான சாலை. அதில், மாடியில் வடாம் பிழிந்து வைத்ததுபோல் வரிசை வரிசையாகத் தொப்பிகள். முகம் இல்லை. தோள் இல்லை. வெறும் புள்ளிகள்.

"அதோ! மொத வரிசை, எடது ஓரம்! மோனிக்!" அண்ணன் கத்தினார். நானும் அந்தப் புள்ளியைப் பார்த்துக் கையை ஆட்டினேன் என்று ஞாபகம்.

ஜெசிந்தா அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். விரலை நீட்டினார்.

"அவ இல்ல. இவ."

மூன்றாவது வரிசை. நடுவில்.

"லூசாடி நீ? எடது ஓரம்னு அவளே சொன்னா!"

"இவதான்."

அக்காவின் விரல் அந்தப் புள்ளியோடு நகர்ந்தது. ஒரு சாண் தூரம் நகர்ந்திருக்கும். அதற்குள் காட்சி மாறி, பீரங்கி வண்டிகள் வந்துவிட்டன.

அக்கா வந்து உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

நான் குனிந்து சாப்பிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார் இதே அக்கா. அந்தக் கண்ணுக்கு அத்தனை புள்ளிகளில் ஒரு புள்ளியா? தாய் மனசு, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடைகிறது. அடையட்டும் என்று நினைத்தேன். படித்தவன் இல்லையா... பெருந்தன்மையாக நினைத்தேன்.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மோனிக்கின் வீடியோ கால் வந்தது. கழுத்துப் பட்டனைத் திறந்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். அடுத்த நொடி சிரிப்பு சுருங்கியது.

"மம்மா, சாரி மம்மா. என்னைத் தேடியிருப்பீங்க இல்ல? கடசி நேரத்துல எடத்த மாத்திட்டாங்க. ஒரு பொண்ணுக்கு மயக்கம் வந்துடுச்சு. அவ எடத்துக்கு என்ன அனுப்பிட்டாங்க."

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எந்த எடம்?"

"மூணாவது வரிசை, பப்பா. நடுவுல. யாருக்குமே தெரிஞ்சிருக்காது."



அண்ணன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த ஆளை முதல்முறை பார்ப்பதுபோல். அக்காவோ ஃபோனுக்குள் குனிந்து, "அத விடு, சாப்டியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கால் முடிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எப்பிடிக்கா? மேலேருந்து வெறும் தொப்பிதானே தெரிஞ்சுது?"

"நீ தொப்பியப் பாத்த. நான் நடையப் பாத்தேன். கால எடுத்து வெச்சா அவ தல ஒரு இழை பின்தங்கி வரும். மொத மொத செவுத்தப் புடிச்சி நடந்தப்பவே அப்பிடித்தான்."

"அத்தன பேரும் ஒரே மாதிரிதானேக்கா நடந்தாங்க? அதுக்குத்தானே ட்ரில்லு?"

"ட்ரில்லு மாஸ்டருக்கு அப்பிடித் தெரியும்" என்றார் அக்கா, கிளாஸ்களை எடுத்துக்கொண்டே.

ஒரு படையே சேர்ந்து மாதக்கணக்கில் உழைத்து, ஒருத்தியின் நடையை மற்றவர்களின் நடைக்குள் கரைத்திருக்கிறது. கரைத்ததை ஹெலிகாப்டரில் ஏற்றி, கடலுக்கடியில் கேபிள் வழியாக இழுத்து, மீன் குழம்பு வாசம் அடிக்கிற ஒரு ஹாலில் கொண்டுவந்து போட்டால், ஒரு அம்மா கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்க்காமல் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறாள். இதைப் பற்றி ஏதாவது அறிவாளித்தனமாக எழுத வேண்டும் என்று வீட்டுக்கு நடக்கும்போதே யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே நடந்தேன்.

மாடியில் என் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் நாலு வீடு தள்ளித்தான் வந்துகொண்டிருந்தேன். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்:

"ஏங்க, அந்தக் கம்ப்யூட்டர நீங்க சரி பண்ணல இல்ல?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நடந்து வர்றதப் பாத்தா தெரியாதா?"