யார் வீட்டுப் பிள்ளை இந்தப் புது வீரன்?

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் படக்கதைகள்தான். ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாடகைக்குக் கிடைக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். முதலாளி வீட்டுக் கொட்டகையில் நான்கு பட்டுத் தறிகள். ஒன்றில் நான், மற்ற மூன்றில் நான் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த நெசவாளர்கள்.

நான்கு பேர் எதிரில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் படக்கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். படிக்கும்போது பேசுவது நானில்லை, கதையில் வருகிறவன். வீரன் கிணற்றில் விழுந்தால் மூன்று பேரும் சோற்றை மறந்து பதறுவார்கள். நானே உண்டாக்கிய ஒரு வீரனுக்காக அவர்கள் அப்படிப் பதற வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். அதுதான் அப்போது என் ஆசை.

அப்படி ஒரு வீரனை வரைந்துவிட்டேன். அவனுக்கு ஒரு சக்திதான் கிடைக்கவில்லை. பறப்பது, மறைவது, மலையைத் தூக்குவது எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில், அறுந்த இழையைப் பார்வையாலேயே முடிச்சுப் போட்டுவிடும் சக்தியைக் கொடுத்தேன்.

பக்கத்துத் தறி அண்ணன் கேட்டார்: "இழை முடியறது நாம தெனம் செய்யற வேலைதானே? அதுக்கு இன்னாத்துக்குப் பேண்ட்டு மேல ஜட்டி?"

மறுநாள் வெட்கத்தை விட்டு அவனைப் பறக்க வைத்தேன்.

"எங்கடா பறக்கறான்?"

"தேவிகாபுரத்துக்குண்ணா."

"அதான் பஸ்ஸு போவுதே!"

மூன்றாம் நாள் விசாரணையே நடந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆகிவிட்டதா? முள்ளிப்பட்டு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"முள்ளிப்பட்டா? எங்கக்கா வூடு அங்கதான் கீது. எனக்குத் தெரியாம அங்க எவன்டா பறக்கறான்?"

பழைய வீரர்களிடம் இவர்கள் இதையெல்லாம் கேட்டதே இல்லை. அவர்கள் நாம் அரைக்கால் டிரவுசர் போட்டிருந்த காலத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டவர்கள். கேள்வி கேட்கத் தெரியாத வயதில் வந்தவனை, தெரிந்த வயதிலும் யாரும் கேட்பதில்லை. என் வீரன் பாவம், மூன்று மீசைக்காரர்கள் எதிரில் புது மாப்பிள்ளை மாதிரி நின்றான். புதிதாக வருகிற எந்த வீரனுக்கும் இதுதான் கதி என்று நினைக்கிறேன். வில்லனைச் சமாளித்துவிடலாம். விசாரிக்கிறவர்களை முடியாது.

அவனை நான் வரைந்தது கட்டம் போட்ட தாளில். சேலைக் கரைக்கான டிசைனை அதில்தான் வரைவோம். ஒரு கட்டம் ஓர் இழை. கரைக்கு எத்தனை கட்டமோ அத்தனைக்குள்ளேயே அவனையும் அடக்கியிருந்தேன், பழக்க தோஷம். அதனால் அவன் கன்னம் படிக்கட்டு படிக்கட்டாக இருந்தது.

ஒருநாள் முதலாளி ஓர் அன்னப்பட்சி டிசைனைக் கொடுத்து, அட்டை அடிக்கிறவரிடம் சேர்க்கச் சொன்னார். அந்தத் தாளைப் பார்த்து அவர் அட்டைகளில் துளை போடுவார்; அட்டைகளைத் தறிக்கு மேலே மாட்டினால் உருவம் துணியில் இறங்கும். என் வீரனையும் அதே சுருளில் வைத்திருந்ததை மறந்துவிட்டேன். அவரிடம் பேசக் கூச்சப்பட்டு, சுருளை நீட்டிவிட்டு ஓடி வந்தேன். அவர் கட்டங்களைத்தான் பார்ப்பார், உருவத்தைப் பார்க்க மாட்டார். மேலே இருந்த தாளை அடித்து அனுப்பிவிட்டார்.

அட்டைகள் பக்கத்துத் தறியில் ஏறின. முதலாளி வந்து பார்த்தபோது, அரக்குக் கரையில் ஜரிகையால் ஒரு முழத்துக்கு என் வீரன் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றான்.

"இன்னாய்யா இது? அன்னம் எங்க?"

என் கை ஓடவில்லை. கால் மட்டும் சும்மா மிதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தறி அண்ணன் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"கருடன்ங்க. புது டிசைனு."

"கருடனுக்கு எதுக்குய்யா ஜட்டி?"

"அது வாலுங்க."

முதலாளி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். "மூக்கு கொஞ்சம் சப்பை. சரி, முகூர்த்தச் சேலை, பேஜார் பண்ணாம ஜல்தியா முடி" என்று போய்விட்டார்.

அண்ணன் ஒரு வாரம் அவனையே நெய்தார். நெய்கிற துணியைப் பார்க்காமல் இருக்க முடியாதே. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"டேய் தம்பி, இவன் பாட்டுக்குக் கையத் தூக்கிகினு போய்கினே கீறானே. எங்கடா போறான்?"

நான் அதை யோசித்ததே இல்லை. "கல்யாணத்துக்குண்ணா" என்றேன்.

"சாப்புடவா?"

"இல்லண்ணா. பொண்ணுக்கு அந்த மாப்பிள்ள புடிக்கல. அழுதுகினு கீது."

எதிர்த் தறியும் நின்றது. "அவ்ளோ பேர் முன்னால கல்யாணத்த எப்பிடிடா நிறுத்துவான்? ஒதைப்பாங்களே!"

"மண்டபத்துக் கதவ வேற சாத்திட்டாங்கண்ணா."

"ஐயையோ! கூரை வழியா எறக்குடா!" மூன்றாவது அண்ணன் தறிக்குழியை விட்டே மேலே ஏறி வந்துவிட்டார்.

"எறங்கறான்ணா" என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது, அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருந்தேன்.