அந்தம்மாவை ஊதச் சொன்னீங்களா?

இது கதை இல்லை. நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டது. ‘ஊதல் வக்கீல்’ என்று ஊரே கூப்பிட்ட ஒருவர் தன் குமாஸ்தாவிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். அந்த வாயிலிருந்து வந்த ஒரே உண்மை இதுதான் என்பது குமாஸ்தாவின் கருத்து.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் இவரிடம்தான் ஓடுவார்கள். இவரோ ஒரு சொட்டுத் தொடாதவர். குடிகாரர்களைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்வார், ஃபீஸ் வாங்கும்போது மட்டும் கையை எடுத்துவிடுவார். போலீஸிடம் இருப்பது போலவே ஊதிப் பார்க்கும் மெஷின் ஒன்று அவர் மேசையில் இருந்தது. எதிரே நிற்பவர் ‘போதும்’ என்று சொல்லும்வரை விடாமல் ஊத வேண்டும், அதுதான் முறை. வாய் கொப்பளிக்கும் மருந்தைத் துப்பிவிட்டு ஊதினாலும் அது குடித்ததாகக் காட்டும். அதை நீதிபதி முன்னால் செய்துகாட்டியே பாதி வழக்குகளை ஜெயித்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ஓதும் மந்திரமும் ஒன்றுதான்: "ஊதினதை உடைச்சிடலாம். ரத்தம் மட்டும் குடுத்துடாதே."

அப்போது அவர் கையில் இருந்தது ஒரு காண்ட்ராக்டர் மகனின் கேஸ். விடிகாலையில் ரோடு கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காரால் அடித்துக் கொன்றிருந்தான். ஊதியதில் 214. வரம்பைப் போல ஏழு மடங்கு. வக்கீல் அசரவில்லை. அந்தப் பெண்தான் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து காரில் விழுந்தாள் என்றார். கூண்டில் நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"என் கட்சிக்காரரை ஊதச் சொன்னீங்க. அந்தம்மாவை ஊதச் சொன்னீங்களா?"

கோர்ட்டில் சிரித்தார்கள். வெட்கம் கெட்டவர்கள். கடைசி பெஞ்சில் இருந்த அவள் கணவர் மட்டும் தலை குனிந்துகொண்டார்.

மறுநாள் கடைசி வாதம். அதில் ஜெயித்தால் பையன் வெளியே வந்துவிடுவான். செத்தவள் குடிகாரி என்று தீர்ப்பிலேயே ஏறிவிடும்.

அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றே மத்தியானம். குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். மணி ஒன்று பத்து. வக்கீல் தனியாக உட்கார்ந்து வாதத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் யாரோ கூட்டும் சத்தம்.

சரக்... சரக்...

எழுதிக்கொண்டே இருந்தார். பிறகுதான் உறைத்தது. வராந்தாவில் வழவழவென்று டைல்ஸ். இது மண்ணும் ஜல்லியும் கிடக்கிற தார் ரோட்டைக் கூட்டும் சத்தம்.

சரக்... சரக்...

கதவுக்கு அருகில் வந்தது. நின்றது.

பீப்.

மேசையில் மெஷினின் விளக்கு தானாக எரிந்தது. திரையில் ‘ஊதவும்’ என்று வந்தது. குழாய்க்குள் காற்றுப் போகும் சத்தம். நீளமாக...

000.

சனியன், ரிப்பேர் என்று பேட்டரியைக் கழற்றி எறிந்தார்.

பீப்.

மறுபடி அந்த மூச்சு.

000.

அப்போதும் அவர் புத்தி எங்கே போனது பாருங்கள். மெஷின் பழுது என்று நிரூபிக்க, புதுக் குழாய் செருகித் தானே ஊதினார்.

214.

குழாயை மாற்றக்கூட நிற்கவில்லை. மெஷினை இரும்பு பீரோவுக்குள் தள்ளிப் பூட்டினார். சாவியைக் குமாஸ்தா மேசையில் எறிந்துவிட்டுக் காரில் ஏறிப் பறந்தார்.

இரண்டாவது சிக்னலில் போலீஸ் மறித்தது. ஊதச் சொன்னார்கள். ஊதினார்.

214.

வாய் கொப்பளித்ததால் வந்தது என்றார். ஏட்டு சிரிக்கக்கூட இல்லை.

"எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே. ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடுங்க, குடிக்கலைன்னா தெரிஞ்சிடப் போகுது."

"ரத்தம் குடுக்க முடியாது."

வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த வாய், தானாகச் சொல்லிவிட்டது. ஏட்டு அதை எழுதி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று வக்கீலுக்குப் புரிந்தது. கொடுக்கிறேன், கொடுக்கிறேன் என்று கத்தினார். யார் கேட்டார்கள்? குடித்தது ஒரு குற்றம், ரத்தம் கொடுக்க மறுத்தது இன்னொரு குற்றம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசி வாதத்துக்கு வேறு வக்கீல் வந்தார். அவருக்கு அந்தக் கேள்வியை எடுக்க நா எழவில்லை. பையன் உள்ளே போனான். தீர்ப்பில் அந்தப் பெண்ணைப் பற்றித் தப்பாக ஒரு சொல் இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஆபீஸைக் காலி செய்யும்போது குமாஸ்தா பீரோவைத் திறந்தார். சாவி அதுவரை அவர் இடுப்பில்தான் இருந்தது. மெஷினை விற்றுவிடலாம் என்று ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். தன் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் யாரோ ஊதியிருக்காங்க போல. மூச்சு ஈரம் இன்னும் காயலையே."

பேட்டரி இல்லாத மெஷினின் திரையில் 000 என்று இருந்தது.

குமாஸ்தா மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அவளை ஊதச் சொன்னவர் ஒருவர் இருந்தார். போதும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.