விமானங்களோடு பேசிய எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டாகிறது. அவர் விமான நிலையத்தில் வேலை பார்த்தார் என்பது உறவினர் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலைக்கு எப்படிப் போனார் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய வீட்டில் பிறந்தவர் அக்கா. நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயலில் வானம் அப்படியே இறங்கிக் கிடக்கும். அதில் ஒரு விமானம் மெல்ல ஊர்ந்து போனால் வரப்பிலேயே நின்றுவிடுவார். "அவ்ளோ உசரத்துல அதுக்கு யாருடி வழி சொல்றா?" என்று தங்கையான என்னைக் கேட்பார்.

பக்கத்து ஊர்க் கல்லூரியில் தமிழ் வழியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோதுதான், வழி சொல்வதும் ஒரு வேலை என்று அறிந்தார். அதற்கான தேர்வுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெரிய கல்லூரிகளின் பொறியாளர்கள். அக்கா எழுத்துத் தேர்வில் தேறினார். ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் குரல் தேர்வில் தோற்றார். ஆங்கிலம் தொண்டையிலேயே நின்றுவிட்டதாம்.

"பி.எட். முடிச்சு டீச்சராப் போயிடும்மா. நம்ம படிப்புக்கு அது போதும்" என்றார் அப்பா.

"இன்னொரு வாட்டி எழுதுறேம்ப்பா."

அந்த ஆண்டு மாலைதோறும் என்னை வாய்க்காலின் அக்கரையில் நிறுத்தி, இக்கரையிலிருந்து ஆங்கிலச் செய்தித்தாளை உரக்க வாசித்தார்.

"கேக்குதாடி?"

"கேக்குது. புரியலக்கா!"

மறுபடி வாசிப்பார், நிதானமாக. தண்ணீரின் மேல் மிதந்து வந்த அந்தச் சொற்கள் இன்னும் என் கனவில் வருகின்றன.

அடுத்த முறை நேர்காணலில், "உங்கள் கல்லூரியைக் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார்கள். "எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், சார்" என்று அக்கா வெள்ளந்தியாகச் சொல்ல, சிரித்துவிட்டார்கள். இம்முறை குரல் தேர்விலும் தேறினார்.

"வெறும் பி.எஸ்சி.யா?" என்ற பார்வை பயிற்சியிலும் பின்தொடர்ந்தது. வேலையில் சேர்ந்த பிறகு, பெருமழை கொட்டிய ஒரு பிற்பகலில், இறங்க முடியாமல் வட்டமிட்ட விமானங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். அந்தப் பார்வை அன்றோடு போயிற்று. வீட்டுக்கு ஃபோன் செய்து, "எல்லாம் இறங்கிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார். எது இறங்கியதென்று அறியாத அம்மா, "சாப்ட்டியா?" என்றார்.

நோய் முற்றியதும் கணவரோடு ஊருக்கே வந்துவிட்டார். ஜன்னலோரக் கட்டிலில் கண்மூடிப் படுத்தபடி, தணிந்த குரலில் ஏதோ திசை சொல்லிக்கொண்டே இருப்பார். யாரோ எங்கோ பத்திரமாக இறங்கிக்கொண்டிருப்பது போலிருக்கும் எங்களுக்கு. ஒரு காலையில் அந்தக் குரல் ஓய்ந்தது.

நோயின்போது அவருடைய பணி நேரங்களைத் தாங்களே ஏற்றுக்கொண்ட பணித்தோழர்களுக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அத்தைக்கும், கண்ணை இமை போல் காத்த அத்தானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

முகம் பாராமல் அக்காவின் சொல்லை நம்பி இறங்கிய விமானிகளுக்கும் நன்றி. அது அவர்களை எப்படிப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

— தங்கை