ஆள் விழுங்கும் ஒலிபெருக்கி

தண்ணீர் மீட்டர் பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் கிரகம். வானத்துக் கிரகங்களைப் பற்றிக் கதை எழுதுகிறவன் என்பது பாதிக் காரணம். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே நமக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று சக வேலைக்காரர்கள் நினைத்தது மீதிக் காரணம். காலையில் வந்ததும் பழுதான மீட்டர்களின் மூடியைக் கழற்றுவான். பல் தேய்ந்த சக்கரத்தை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைப்பான். சோதனைக் குழாயில் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு முள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பான். கை இதையெல்லாம் செய்யும். மண்டை மட்டும் எங்கோ கோடி மைலுக்கு அப்பால், மூன்று கண் குமாஸ்தா ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

நன்றாகத்தான் எழுதினான், பொய் சொல்லக் கூடாது. தன் நெருப்பு மீட்டர் கன்னாபின்னாவென்று ஓடுகிறது, ஊதாத நெருப்புக்கெல்லாம் கட்டணம் போடுகிறார்கள் என்று ஒரு டிராகன் புகார் கொடுக்க வருகிறது. 'அடையாள அட்டையில் இருக்கும் வால் உங்களுடையதுதானா?' என்று கேட்டு அதை ஜன்னல் ஜன்னலாக அலைய விடுகிறார்கள். நொந்துபோன டிராகன் அலுவலகத்தையே பொசுக்கிவிடுகிறது. பொசுக்கியதற்கும் மீட்டர் ஓடியிருப்பதைப் பார்த்து உட்கார்ந்து அழுகிறது. இது அவன் கதை. காலயந்திரத்தில் ஏற நாளைக்கு வர வேண்டியவர்கள் நேற்றே வந்து வரிசையில் முன்னால் நின்றுகொண்டார்கள் என்று அடிதடி நடக்குமே, அதுவும் அவனுடையதுதான். ஒரு பத்திரிகை இவற்றை மாதாமாதம் வெளியிட்டது.

ஆனால் அவனிடம் ஒரு கோளாறு. விண்கலம், மந்திரவாதி, பறக்கும் எருமை எதுவானாலும் வெறும் காற்றிலிருந்து பிடித்துவிடுவான். மனிதர்களை மட்டும் அவனால் கற்பனை செய்யவே முடியாது. பக்கத்தில் இருக்கிற ஆளை அப்படியே தூக்கி, ஒரு வாலை ஒட்டி, பச்சை வண்ணம் அடித்து அனுப்பிவிடுவான். பட்டறை மேஸ்திரிக்குப் பேசும்போதெல்லாம் பேனாவால் காதைக் குடைகிற பழக்கம். எட்டுக் கையில் எட்டுப் பேனா வைத்து எட்டுக் காதையும் குடைகிற ஆக்டோபஸ் மேலாளர் பத்திரிகையில் வந்தார். மேஸ்திரி அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"எங்க இருந்துய்யா பிடிச்ச இந்த ஆளை?" என்று காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

அன்றைக்குக் கிரகம் ஒரு முடிவுக்கு வந்தான். வாலை ஒட்டிவிட்டால் போதும், எவனுக்கும் தன் மூஞ்சி தெரியாது. அது தப்புக் கணக்கு. அந்தக் கணக்கை அவன் போட்டதற்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி.

அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு அக்கா. சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதிலிருந்து, பட்டறையில் வேலை கிடைக்க ஆளாளிடம் போய் நின்றது வரை எல்லாம் அவள்தான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது பெரிய கதை. அதில் பூதமும் இல்லை, விண்கலமும் இல்லை, அதனால் தம்பிக்கு அது கண்ணில் படவில்லை.

ஊரின் பெரிய பேருந்து நிலையத்தில் அவள் அறிவிப்பாளர். மாடியில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. ஒரு மைக், கடகடவென்று ஆடும் ஒரு மின்விசிறி, சுவரில் நேர அட்டவணை. கண்ணாடி வழியே கீழே எல்லா நடைமேடைகளும் தெரியும். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிறது, எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்வது அவள் குரல்தான்.

அந்தக் குரல் சும்மா வந்ததில்லை. சின்ன வயதில் அவளுக்குத் திக்குவாய். வகுப்பில் பெயரைக் கேட்டால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள், மற்ற பிள்ளைகள் அவள் சொல்லி முடிக்கும் வரை கொட்டாவி விடுவது போல நடிப்பார்கள். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசுவதற்கு முன் எச்சிலை ஒரு தரம் ஆழமாக விழுங்குவது. 'க்ளக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு வாக்கியம் எங்கும் தடுக்காமல் வந்துவிடும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவள் மாதக்கணக்கில் அதைப் பழகியபோது பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டவன் இந்தத் தம்பி. அது என்ன சத்தம், எதற்காக என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள். மைக்கில் அது நன்றாகவே கேட்கும். ஆனால் ஒருவரும் கண்டுகொண்டதில்லை. பேருந்துக்கு ஓடுகிறவனுக்கு நடைமேடை எண்தானே முக்கியம்.

எதை எழுதினாலும் முதலில் அவளிடம் படித்துக் காட்டுவான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். அவள் சிரிக்காத வரியை அங்கேயே அடித்துவிடுவான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்டா, மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டால் அந்தக் கதை தேறிவிட்டது என்று பொருள். வீட்டில் டிவி கூட வேண்டியிருக்கவில்லை, அப்படிச் சிரித்தார்கள் இரண்டு பேரும்.

பத்திரிகை ஆசிரியர் ஒருநாள் ஃபோனில் பிடித்துக்கொண்டார். "அரைச்ச மாவையே அரைக்கிறீங்க சார். குமாஸ்தா, வரிசை, மீட்டர், மறுபடியும் குமாஸ்தா. புதுசா ஏதாவது ஆள் இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா கொஞ்சம் இடைவெளி விட்டுக்கலாம்." இடைவெளி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாதா?

அக்கா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க மறுநாள் மதியம் பேருந்து நிலையத்துக்குப் போனான். கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது தலைக்கு மேலே 'க்ளக்' என்றது. "ஏழாம் நடைமேடையில் நிற்கும் வண்டி இப்போது புறப்படும்" என்றது. அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆள் கிடைத்துவிட்டாள்.

விண்மீன் மத்தியப் பேருந்து நிலையம். அங்கே அறிவிப்பாளர் ஒரு பெண் ரோபோ. அது ஒவ்வொரு தரம் பேசும் முன்பும் 'க்ளக்' என்று ஒரு சத்தம், கீழே ஒரு பயணியைக் காணோம். ஒலிபெருக்கி வழியாக ஆளை உறிஞ்சி விழுங்கி, அந்தத் தெம்பில்தான் ரோபோ பேசுகிறது. 'க்ளக்! சனிக்கிரகம் செல்லும் வண்டியில் இப்போது ஒரு ஜன்னல் இருக்கை காலி.' விசாரணைக் கமிஷன் வருகிறது. கேள்வி கேட்கிற அதிகாரிகளை ஒவ்வொரு பதிலுக்கும் ஒருவராக ரோபோ விழுங்குகிறது. மிச்சமான ஒரே அதிகாரி, நிலையத்தில் நெரிசல் குறைந்துவிட்டது என்று பாராட்டி அதற்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறார்.

ஒரே மூச்சில் எழுதினான். அதை மட்டும் அக்காவிடம் படித்துக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை? ரோபோ யார் என்று அவனுக்கே நன்றாகத் தெரியும் என்பதால்தான். நேரமில்லை என்று தனக்குத்தானே காது குத்திக்கொண்டு அனுப்பிவிட்டான்.

கதை பிய்த்துக்கொண்டு போனது. எவனோ ஒரு மிமிக்ரிக்காரன் அதை வாசித்து, அந்தச் சத்தத்தை அச்சு அசலாகப் போட்டு, ஃபோனில் பரப்பிவிட்டான். மேஸ்திரியின் காதைப் பார்த்தவர்கள் பட்டறையில் நாலு பேர். அக்காவின் தொண்டை ஊருக்கே தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. வாலாவது பச்சை வண்ணமாவது, ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நடைமேடையில் கல்லூரிப் பையன்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். 'க்ளக்' என்றதும், "ஐயோ, இன்னொருத்தன் காலி!" என்று கத்துவார்கள். ஓட்டுநர்கள் ஹார்னை அழுத்துவார்கள். கண்டக்டர் ஒருவர், "அம்மா, என் மாமியாரை ஏத்தி விட்டிருக்கேன், கொஞ்சம் கவனிங்க" என்று மாடியைப் பார்த்துக் கும்பிட்டார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரணைக் கவுண்டரில் இருந்த பெண்தான் பரிதாபப்பட்டு ஃபோனைக் காட்டினாள். கதையின் முடிவில் எழுதியவர் பெயரையும் மிமிக்ரிக்காரன் வாசித்திருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அந்த ரோபோ யாருடா?"

"சும்மா கற்பனைக்கா."

"க்ளக்குன்னு முழுங்குதே, அதுவும் கற்பனையா?"

"எச்சில் முழுங்காதவங்க ஊர்ல யாருக்கா இருக்காங்க? நீயா எதையாவது நினைச்சுக்காத."

"எல்லாத்தையும் என்கிட்ட படிப்பியே. இதை ஏன் படிக்கல?"

அவன் பூசி மெழுகப் பார்த்தான். கடைசியில் சொல்லக் கூடாததைச் சொன்னான். "காமெடியை காமெடியா எடுத்துக்கத் தெரியணும்க்கா."

"நான் அதை எப்படிப் பழகினேன்னு உனக்குத் தெரியும்டா" என்றாள். "உனக்கு மட்டும்தான் தெரியும்."

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். அவன் ஃபோனை எடுத்து எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தான்.

இனி விழுங்குவதில்லை என்று அக்கா முடிவு கட்டிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? அடுத்த நாள் கிரகம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனான். மன்னிப்புக் கேட்க என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஜனங்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று நேரில் பார்க்கும் ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. கூட்டம் தலையைத் தூக்கிக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை.

"ஒ... ஒ... ஒ..."

ஒவ்வொரு தூணிலிருந்தும் அந்த ஒற்றை எழுத்து வந்துகொண்டே இருந்தது. "ஒ... ஒன்... ஒ... ஒன்பதாம் ந... ந..." பிறகு வெடித்தது பாருங்கள் சிரிப்பு! தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். மூட்டையை நழுவ விட்டுச் சிரித்தார்கள். பையன்கள் ஒரே குரலில், "முழுங்கு! முழுங்கு!" என்று கை தட்டினார்கள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது கீழிருந்தே தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு குண்டு மனிதர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவன் தோளில் தட்டினார். "இன்னிக்கு எவனோ தொண்டையில மாட்டிக்கிட்டான் சார்! கதை படிச்சீங்களா நீங்க?"

அக்கா மேலே திக்கிக்கொண்டிருக்கிறாள். இவன் அந்த மனிதரிடம் என்ன கேட்டான் தெரியுமா? "எந்த இடம் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டான்.

அந்த விசாரணைக் கமிஷன் கட்டம், என்றார் அவர். கிரகத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மாடிப்படி பத்தடியில் இருந்தது. அவன் ஏறவில்லை.

ஒன்பதாம் நடைமேடை வண்டியைப் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள், ஒரே ரகளை. நிலைய அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாகப் பேசினார், கொஞ்ச நாள் ஓய்வாக இருங்கள் என்றார். வாரம் முடிவதற்குள் எங்கோ பதிவு செய்த ஒரு வழவழப்பான குரலைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். அக்காவைப் பயணிகள் விட்டுப்போன குடைகளையும் பைகளையும் அடுக்கி வைக்கிற அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை அது. அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஒருமுறை விட்ட பழக்கம் மறுபடி ஒட்டவில்லை. இப்போது விழுங்கினாலும் திக்கியது, விழுங்காவிட்டாலும் திக்கியது.

பத்திரிகை ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தரம் குரலில் தேன். "வாசகர்கள் ரோபோவைக் கேட்டு உயிரை எடுக்கிறாங்க சார். ஒரே ஒரு கதை."

முடியாது என்றான். இரண்டாம் முறை கூப்பிட்டபோது யோசிக்கிறேன் என்றான். யோசித்ததில் அவனுக்கு ஒரு ஞானோதயம். ரோபோவை இந்தத் தரம் உயர்த்திவிடுவது! ஊரே கேலி செய்த ரோபோவை அண்டசராசரமும் வந்து கும்பிட்டு, ராணியாக முடிசூட்டுகிற மாதிரி எழுதினான். அக்கா இதைக் கேட்டால் மனம் இளகிவிடுவாள், பழையபடி எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த மடையன் மனசார நம்பினான். கண்ணில் தண்ணீர் கூட வந்தது அவனுக்கு, எழுதும்போது.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து படித்தான். கிரீடம் வைக்கிற இடம் வந்ததும் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான்.

"நா... நான் ரா... ராணியாடா ஆகணும்னு கே... கேட்டேன்?" என்றாள் அக்கா. "எ... என்னோட மைக்க கு... குடுத்துடுடா."

சொல்லிவிட்டுத் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவனுக்கு நெஞ்சில் குத்தியது, நிஜமாகவே குத்தியது. குத்தின அந்த இடத்திலேயே இன்னொன்றும் தோன்றியது அவனுக்கு. கதைக்கு இதுவரை முடிவு சரியாக அமையவில்லை, இப்போது அமைந்துவிட்டது. பேனாவை எடுத்தான்.

கதை அடுத்த மாதம் வந்தது. தங்கக் கிரீடத்தைத் தள்ளிவிட்டு, "நா... நான் ரா... ராணியா கேட்டேன்? எ... என்னோட மைக்க கு... குடு" என்று ரோபோ அழுகிற இடத்தில்தான் ஜனங்கள் அதிகமாகச் சிரித்தார்கள். அந்த மிமிக்ரிக்காரன் அந்த வரியை மட்டும் தனியாக வெட்டிப் போட்டான்.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவும் இல்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. சாப்பாடு வைப்பாள், அவன் சட்டையைத் துவைத்துப் போடுவாள். அவன் முன்னால் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். திறந்தால் அச்சாகிவிடும் என்று தெரிந்துகொண்டாள். அவன் கெஞ்சிப் பார்த்தான், அழுது பார்த்தான், இனி எழுதவே மாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவள் முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை, கேட்டுக்கொண்டு நின்றாள். சுளித்தால் அதையும் எழுதுவானே.

ஒரு சாயங்காலம் பட்டறையிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டான். படி ஏறும்போதே உள்ளே குரல் கேட்டது. அக்கா எதிர்வீட்டுப் பெண்ணிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். குடை அறையில் யாரோ விட்டுப்போன பல்செட்டைப் பற்றி, அதைத் தேடி வந்து வாயைப் பொத்திக்கொண்டே அடையாளம் சொன்ன ஒரு பெரியவரைப் பற்றி. வார்த்தைக்கு வார்த்தை திக்கியது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. எதிர்வீட்டுப் பெண் மூச்சு முட்டச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அவன் எழுதின எந்தக் கதைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. கதவில் காதை வைத்தான், பெரியவர் கடைசியில் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளத் தவித்தான். காலடியில் கிடந்த வாளி கால் பட்டுச் சத்தம் போட்டது.

உள்ளே பேச்சு நின்றது. கதவு திறந்தது. எதிர்வீட்டுப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். அக்கா அவனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள், பிறகு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.